ஓர் ஆற்றை மறுபடி வளைத்த கதை

டென்மார்க்கைப் பற்றி ஒரு தமிழன் பேச வந்தால் தரங்கம்பாடியில்தான் தொடங்குவான் என்று நினைத்திருப்பீர்கள். சீகன்பால்கு, அச்சுக்கூடம், டேன்ஸ்பெர்க் கோட்டை எல்லாம் நிறையப் பேசியாயிற்று. நான் அங்கிருந்து ஒரு மீனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டேனிஷ் கம்பனியில் லெப்டினன்டாக இருந்த டால்டோர்ஃப், 1791 நவம்பரில் தரங்கம்பாடிக்கு அருகே குளக்கரைப் பனை ஒன்றில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே, ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். நம்மவர்கள் பனையேறிக் கெண்டை என்பார்களே, அதுதான். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் அதை அச்சிட்டது. நம்பாதவர்கள் நிறையப் பேர்.

இன்று பேசப்போவது டென்மார்க்கின் சொந்த மீனைப் பற்றி. ஸ்கேர்ன் ஆற்றின் சல்மன். அதற்குப் பனையேறத் தெரியாது, பிறந்த ஆற்றுக்குத் திரும்பத்தான் தெரியும்.

நான் 1986இல் அகதியாக இங்கே வந்தேன். யூலாண்டும் யாழ்ப்பாணம் போல ஒரு குடாநாடுதான். அதன் நடுப்பகுதியில் ஹேர்னிங், பிராண்ட போன்ற ஊர்களில் நம்மவர்கள் குடியேறினார்கள். ஹேர்னிங் பிள்ளையார் கோயிலும் பிராண்ட அபிராமி கோயிலும் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பிராண்டவை ஒட்டி ஓடி, மேற்கே ரிங்கூபிங் களப்பில் சேர்வதுதான் ஸ்கேர்ன். நீளத்தில் குதன் ஆறு பெரியது. நீரின் அளவில் டென்மார்க்கின் பெரிய ஆறு இதுதான்.

டேனிஷில் ஆற்றுக்கு ஓரெழுத்துச் சொல்: ஓ. நம் ஓரெழுத்து ஒருமொழிப் பட்டியலிலும் 'ஓ' இருக்கிறது. அங்கே அதற்கு மதகுநீர் தாங்கும் பலகை என்று பொருள். இவர்களுக்கு ஓடுகிற நீர், நமக்கு நீரை நிறுத்துகிற பலகை. மொழியியல் உறவு ஒன்றுமில்லை, சும்மா ஓர் ஒற்றுமை. ஆனால் நான் சொல்லப்போகும் கதை இந்த இரண்டு பொருளுக்கும் இடையில்தான் நடக்கிறது.

1864இல் டென்மார்க் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று, ஷ்லெஸ்விக்கையும் ஹோல்ஸ்டைனையும் இழந்தது. வெளியே இழந்ததை உள்ளே சம்பாதிப்போம் என்ற எண்ணம் நாட்டைப் பிடித்துக்கொண்டது. 1866இல் பொறியியல் அதிகாரியான என்ரிக்கோ டல்காஸ் முதலியோர் தரிசுநிலச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மேற்கு யூலாண்டின் புதர்க்காடுகளில் மரம் நட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், வயலாக்கினார்கள். இதை வெறும் பேராசை என்று சொல்ல நான் தயாரில்லை. தோற்ற நாட்டின் ஏழை விவசாயிகளுக்கு அது சோறு.

அதே சங்கம்தான் நூறாண்டு கழித்து ஸ்கேர்னுக்கு வந்தது. 1962 முதல் 1968 வரை, ஆற்றின் கீழ்ப்பகுதியை நேராக வெட்டி, இருபுறமும் அணை கட்டி, நீரிறைக்கும் நிலையங்கள் வைத்து, ஏறத்தாழ 4000 ஹெக்டேயர் ஈரப்புல்வெளியை உழவுநிலமாக்கினார்கள்.

வந்த புதிதில் அந்த நேர்க்கோட்டைப் பார்த்து வாயைப் பிளந்தேன். என்ன ஒழுங்கு! படமெடுத்து ஊரில் இருந்த அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் வழுக்கையாற்றுப் பக்கம் நெல் விதைத்தவர். மாரியில் மட்டும் ஓடுகிற அந்த ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த ஆறு. மாதக்கணக்கில் கழித்துப் பதில் வந்தது: "வாய்க்கால் நல்லாயிருக்கு. ஆறு எங்கே?"

ஆறு எங்கே போனது என்பதை மண் ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தது. அந்த நிலத்தடியில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் உண்டு. நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அது சும்மா கிடக்கும். நீரை இறைத்ததும் காற்றுப் பட்டது. அமிலமும் இரும்பும் கரைந்து வடிகால்களில் இறங்கின. துருப்பிடித்த காவி நிறத் தண்ணீர் ஆற்றில் படிந்து, மீன் முட்டையை மூடியது. பயிர்ச்சத்துகளை வடிகட்டிக்கொண்டிருந்த புல்வெளியும் இல்லாததால் எல்லாம் களப்புக்கே போனது. இன்னொரு பக்கம், காய்ந்த கரிமண் சுருங்கியது, நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தை உழ மேலும் ஆழமாக இறைக்க வேண்டும். இறைத்தால் மேலும் தாழும்.

சல்மன் அற்றுப்போயிற்று என்றே பலர் நினைத்தார்கள். 1980களில் சில மீன்கள் கிடைத்தன. அவை பழைய குலமா, வளர்ப்பிலிருந்து தப்பியவையா? பல பத்தாண்டுகளுக்கு முன் சேகரித்த காய்ந்த செதில்களில் மரபணு எடுத்து ஒப்பிட்டார்கள். பழைய குலம்தான். யாரோ ஒருவர் மீன் செதிலை உறையில் போட்டு வைத்திருந்ததால் கிடைத்த விடை அது.

1987இல் நாடாளுமன்றம் ஆற்றை மீட்பது என்ற திசையில் முடிவெடுத்தது. சட்டம் வர 1998 ஆயிற்று. இடையில் நடந்தது சண்டை. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரின் குடும்பத்துக்கு அங்கே நிலம். "அப்பாவுக்குக் கைதட்டிய வேலையை எனக்குக் குற்றம் என்கிறார்கள்" என்றார். பணமும் மாற்று நிலமும் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் நிலத்தை விட்டு வந்தவன் நான். அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை.

1999 முதல் 2002 வரை வேலை நடந்தது. அதே எந்திரங்கள், எதிர்த்திசையில். 19 கிலோமீற்றர் நேர்க்கோடு 26 கிலோமீற்றர் வளைவுகளாயிற்று. 2200 ஹெக்டேயர் மறுபடி ஈரநிலம். செலவு 25 கோடி குரோனருக்கும் மேல். பெரும்நாணற்கொக்கும் நீர்நாயும் வந்தன. சல்மன் இன்று ஆயிரக்கணக்கில் ஏறுகிறது, குஞ்சு வளர்த்து விட்டதன் உதவியோடு. இதை அற்புதம் என்று எழுதுகிறவர்கள், வடித்த நிலத்தில் ஏறக்குறையப் பாதிதான் திரும்பியது என்பதை விட்டுவிடுகிறார்கள். காவித் தண்ணீர் மேற்பகுதிக் கிளைகளில் இன்னும் உண்டு. கடலிலிருந்து வரும் மீன் 1931இல் திறந்த விடே சான்ட மதகைத் தாண்டித்தான் களப்புக்குள் நுழைய வேண்டும். அங்கே 'ஓ' நம் பொருளில்தான் நிற்கிறது.

வேலை முடிந்த அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று படமெடுத்தேன். அனுப்ப அப்பா இல்லை. அம்மாவுக்கு அனுப்பினேன். தொலைபேசியில், "மழைக்கு வெள்ளம் வயலுக்குள்ள வராதோ?" என்று கேட்டார். வரும் அம்மா, வரத்தான் விட்டிருக்கிறார்கள் என்றேன். "அப்ப அந்தச் சனத்துக்குக் காசு குடுத்தவையோ?"

கேள்விகள் திரையில் வரத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு வருகிறேன்.