வசனமே இல்லாமல் வரைந்தவர் ஏஐ-யை விளக்குகிறார்: யார் இந்த அப்புபென்?
ஜார்ஜ் மாத்தன் என்றால் யோசிப்பீங்க. 'அப்புபென்' என்றால் பெங்களூரு காமிக்ஸ் ரசிகர்களுக்குச் சட்டெனத் தெரியும். 2009-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட 'மூன்வார்ட்' தொடங்கி, ஹலாஹலா என்ற கற்பனை உலகம்தான் இவரோட ஏரியா. 'லெஜண்ட்ஸ் ஆஃப் ஹலாஹலா'வில் வசனமே கிடையாது.

அப்படிப்பட்டவர், ஏஐ நிறுவனம் ஒன்றின் இணை நிறுவனரும் பிரெஞ்சு இயற்பியலாளருமான லோரான் டோடேவுடன் சேர்ந்து உருவாக்கியது 'ட்ரீம் மெஷின்'. 2024-ல் ஆங்கிலத்தில் வந்தது. சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடல்கள் எப்படி இயங்குகின்றன, லகான் யார் கையில் என்பதையெல்லாம் ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனரின் கதையாகச் சொல்கிறது. இங்கே வசனம் இல்லாமல் முடியாது, விளக்கணுமே!

ஒன்றைக் கவனிங்க: படம் வரையும் ஏஐ கைவைப்பது ஓவியர்களின் பிழைப்பில். அதை விளக்குபவரும் ஓர் ஓவியர்.

கோடிங் தெரியாதவர்களும் படிக்கலாம். முதல்ல 'மூன்வார்ட்'டைப் புரட்டிட்டு வாங்க, மனுஷன் எவ்வளவு தூரம் வந்திருக்கார்னு தெரியும்.