கடம்பூர் போளி: வீட்டில் தட்டினால் ஏன் கிழியுது?
கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே ரயில் கடம்பூரில் நின்றால், போளி வாங்காமல் கிளம்ப பலருக்கும் மனசு வராது. அதையே வீட்டில் தட்டினால் கிழிந்து பூரணம் வெளியே வருதா? தப்பு பெரும்பாலும் மாவில்தான்.

மைதாவை சப்பாத்தி மாவைவிடத் தளர்வா, கையில் ஒட்டுற பதத்தில் பிசைந்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றி 2 மணி நேரம் ஊறவிடுங்க. அப்போதான் இழுத்த இழுப்புக்கு வரும், அவசரப்பட்டால் சுருங்கிக்கும்.

அடுத்தது ஈரம். கடலைப்பருப்பு குழையக் கூடாது, விரலால் நசுக்கினால் உடைந்தால் போதும். தண்ணீரைச் சுத்தமா வடித்து அரைத்து, வெல்லம், தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் உருளும்வரை கிளறணும்.

பூரிக்கட்டை வேண்டாம். எண்ணெய் தடவின வாழை இலையில் கையால் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து இலையை உரித்தெடுங்க. தேங்காய் இருக்கிறதால், வெளியில் வைத்தால் ஒரு நாளுக்குள் சாப்பிட்டுடணும்.