பால்நிற நீரின் வரலாறு

சிவகாசி உராய்வினால் உயர்ந்த ஊர். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், உரசினால் வெப்பம் பிறக்கும் என்னும் உண்மையின்மேல் எழுந்தது. அதே ஊரில் வெடிமருந்து கலக்கும் அறையிலோ உராய்வே பெரும்பகை. ஆதலின் அங்கே இரும்புக் கருவிகளுக்கு இடமில்லை. இரும்பை அறுக்கும் பட்டறையிலும் உராய்வு பகையே. அப்பகையை மனிதன் நீரால் வென்ற கதையை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

1798-ஆம் ஆண்டில் ரம்ஃபோர்டு பிரபு, மூனிச் நகரில் தாம் நடத்திய ஆராய்ச்சியை வெளியிட்டார். பீரங்கி வார்ப்பை நீரில் அமிழ்த்தி, மழுங்கிய கருவியால் குடைந்தபோது, ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அந்நீர் கொதித்தது. நெருப்பின்றி நீர் கொதித்தது கண்டு சூழ நின்றோர் வியந்தனர். வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கத்தின் விளைவே என்னும் கொள்கைக்கு இது வழிகோலியது.

1880-களில் அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் பணியாற்றிய ஃபிரெடரிக் டெய்லர், உலோகச் சீவல் பிரியும் இடத்திலேயே நீரைத் தாராளமாகப் பாய்ச்சினார். வெட்டும் வேகம் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை உயர்ந்தது. துருப்பிடியாதிருக்க நீரில் சோடா உப்பைக் கலந்தனர். இம்முடிவுகளை அவர் 1906-இல் விரிவாக வெளியிட்டார்.

பட்டை ரம்பத்திற்கு 1808-இல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி உரிமம் பெற்றார். முடிவற்றுச் சுழலும் அதன் மெல்லிய பட்டை, வெட்டுவாயில் எழும் வெப்பத்தால் பல்லின் கடினத்தை இழந்துவிடும். இன்று அதன்மேல் பாயும் பால்நிற நீர், நீரில் எண்ணெய் நுண்துளிகளாகக் கலந்த குழம்பாகும். பட்டறையில் இதனைக் கூலண்ட் என்பர். நீர் வெப்பத்தைக் கவர்கின்றது. எண்ணெய் உராய்வைக் குறைத்துத் துருவைத் தடுக்கின்றது.

இதனைப் பேணுவதிலும் முறையுண்டு. நீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டுமேயன்றி, எண்ணெயில் நீரை ஊற்றலாகாது. நாள்தோறும் நீர் மட்டுமே ஆவியாவதால், எஞ்சியது செறிவு மிகும். வெறும் நீரையே ஊற்றி வந்தாலோ செறிவு குன்றித் துரு தோன்றும். ஆதலின் செறிவை அளந்தறிந்தே ஊற்றுதல் வேண்டும். பாய்ச்சல் குறைந்தால், இயந்திரத்தை நிறுத்தி, தொட்டியின் மட்டம், சீவல் அடைத்த வடிகட்டி, பம்பு, குழாய்வாய் என வரிசையாக நோக்குக. விடுமுறை கழிந்து தொட்டி நாறினால், மேலே மிதக்கும் பிற எண்ணெய் காற்றை மறைக்க, உள்ளே நுண்ணுயிர்கள் பெருகின என்று அறிக. மிதக்கும் எண்ணெயை நாள்தோறும் நீக்கினால் இக்கேடு குறையும். கெட்ட நீரை மணப்பொருளால் மறைத்தல் பேதைமை. தொட்டியைக் கழுவிப் புதிது நிரப்புவதே முறை. இல்லையேல் பட்டையோடு தொழிலாளியின் கைத்தோலும் கெடும்.

வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் உலர்வாகவே அறுப்பர் என்பதையும் மறவாதீர். ஒவ்வொரு பொருளின் இயல்பையும் அறிந்து நடப்பதே தொழிற்கல்வியின் முதற்பாடம். நாளை பட்டறை ஒன்றினுள் நீங்கள் நுழைந்தால், சுழலும் ரம்பத்தை மட்டும் கண்டு வியவாமல், அதன் அடியிலுள்ள தொட்டியையும் ஒருமுறை நோக்குங்கள்.