எழுதாச் சட்டமும் ஈழத்து வேடரும்

அரசு என்றவுடன் முடியும் கோலும், சட்டம் என்றவுடன் ஏடும் எழுத்தும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயின் முடியும் கோலுமின்றி, ஏடும் எழுத்துமின்றித் தம்மைத் தாமே நெறிப்படுத்தி வாழ்ந்த மக்கள் உலகின் பல பாகங்களிலும் உளர். இலங்கையின் ஆதிக்குடிகளாகிய வேடர் அத்தகையோர். அவர்தம் ஆட்சிமுறை யாது, அஃது எங்ஙனம் நிலைகுலைந்தது என்பனவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1660ஆம் ஆண்டிற் கண்டி அரசனாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச்சென்ற ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். காட்டைத் தமக்குள் எல்லை வகுத்துப் பிரித்துக்கொண்ட அவர்கள், பிறர் எல்லைக்குள் வேட்டையாடுவதுமில்லை, தேனோ கனியோ எடுப்பதுமில்லை என்பது அவர் கூற்று. எல்லையோரத்தில் நின்ற ஒரு பலாமரத்தின் கனியை ஒருவன் பறிக்க, அயற்கூட்டத்தான் அது தமக்குரியதென மறுக்க, சொற்போர் விற்போராகி இருபது முப்பது பேர் மாண்ட செய்தியையும் அவர் தருகின்றார். இதனால் இரு உண்மைகள் புலனாகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அவ்வெல்லைகள் உயிரினும் மேலாக மதிக்கப்பட்டன என்பது ஒன்று. இரு கூட்டத்தாருக்கும் பொதுவான நடுவர் இல்லாதவிடத்து அம்முறைமை தடுமாறிற்று என்பது மற்றொன்று. ஆதலின் வேடர் வாழ்வைக் குற்றமற்ற பொற்காலமெனப் புனைந்துரைத்தல் வரலாற்று நெறியாகாது.

வேடர் கொல்லனோடு நடத்திய வாணிகமும் கருதத்தக்கது. இரவில் வந்து இறைச்சியைக் கொல்லன் பட்டடையில் தொங்கவிட்டுத் தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துச் செல்வர். அவன் அவ்வாறே செய்து வைப்பின் மேலும் இறைச்சி கொடுப்பர்; செய்யாதொழியின் தீங்கிழைப்பர். பேச்சும் எழுத்துமில்லாத இவ்வுடன்படிக்கைக்கு அவ்விலையே முறியாயிற்று.

இவற்றை முறையாக ஆராய்ந்தோர் செலிக்மன் தம்பதியர். 1911இல் வெளிவந்த அவர்தம் நூல் இன்றும் இத்துறையில் முதன்மை பெறுவது. வேடர் ‘வருகே’ எனப்படும் குலங்களாகப் பிரிந்திருந்தனர். மொரானே, உனப்பானே, ஊரு என்பன அவற்றுட் சில. பிள்ளைகள் தாயின் குலத்தையே சார்வர். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணத்தல் வழக்கு. ஒருசில குடும்பங்கள் சேர்ந்த சிறுகூட்டமே வேட்டைக்கும் தேனெடுப்புக்கும் உரிய நிலத்தை ஆண்டது. ஒருவன் தன் நிலத்தைப் பிறருக்கு வழங்கக் கூட்டத்து ஆடவர் அனைவரதும் இசைவு வேண்டப்பட்டது. பிறன் நிலத்தில் வீழ்த்திய விலங்கில் நிலத்துக்குரியவனுக்குப் பங்குண்டு. தலைவன் எனப்பட்டவன் ஆணையிடுவோன் அல்லன். வயதாலும் அறிவாலும் நன்மதிப்புப் பெற்றவனே அவன். இறந்த முன்னோரின் ஆவிகள் தம்மைக் காக்கின்றன என்னும் நம்பிக்கை உயிரோடிருப்போரையும் மறைந்தோரையும் ஒரே கூட்டமாகப் பிணித்தது. இவற்றுட் பல முதியோரின் நினைவிலிருந்து திரட்டப்பட்டவை. அக்காலத்திலேயே பழைய வாழ்வு அருகிவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

இங்ஙனம் நுணுக்கமாக உரிமை வகுக்கப்பட்ட காட்டைப் பிரித்தானியர் சட்டம் உரியவரற்ற நிலமாகவே கண்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காடுகளை அரசுக்குரியனவென அனுமானித்தது. உறுதி காட்ட இயலாத வேடன் தன் காட்டிலேயே அந்நியனாயினான். சுதந்திரத்தின் பின்னரும் இந்நோக்கு மாறவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், பின்னர் மகாவலித் திட்டமும் வேடர் நடமாடிய காடுகளைக் குறுகச் செய்தன. 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது பலர் ஏனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். தம்பானையின் மூத்த தலைவரான திசாகாமி தம் இடம்விட்டுப் பெயர மறுத்து, 1998இற் காலமாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் மகன் வன்னில எத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். முந்தையோர் காத்த காட்டில் வேட்டையாடுவோன் குற்றவாளியெனக் கருதப்பட்டமையே அக்குறையின் சாரம்.

பொதுவளம் யாவராலும் சூறையாடப்பட்டே தீரும், ஆதலின் அரசோ தனியாரோ அதனைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்தாயிருந்தது. பொதுவளங்களை அவற்றைப் பயன்படுத்துவோரே எல்லை வகுத்து, விதியமைத்து, கண்காணித்து நெடுங்காலம் பேண வல்லர் என்பதை எலினோர் ஒஸ்ற்றம் 1990இல் வெளியிட்ட நூலிற் சான்றுகளோடு நிறுவினார். 2009இல் நோபெல் பரிசும் பெற்றார். எல்லையும் இசைவும் பங்கீடும் வேடர் வழக்கில் அமைந்திருந்தமையை மேலே கண்டோம்.

வள்ளியம்மையை வேடர்குலக் கொடியெனப் போற்றிக் கதிர்காமக் கந்தனை வழிபடும் நாம், வாகரை முதலிய கிழக்குக் கரையோர ஊர்களில் தமிழ் பேசி வாழும் வேடரின் வழக்காறுகளை எத்துணை அறிந்துள்ளோம்? உறுதியில் எழுதப்படாத உரிமை உரிமையன்று என்னும் எண்ணம் ஒரு சமுதாயத்தின் காட்டைப் பறித்தது. ஏட்டில் எழுதப்படாத வரலாறு வரலாறன்று என நாமும் கருதுவோமாயின், எஞ்சியுள்ள அவர்தம் நினைவையும் பறித்தவராவோம். முதியோர் உள்ளபோதே அவர்பாற் சென்று, அவர் இசைவோடு கேட்டறிந்து பேணுதல் இளம் ஆராய்ச்சி மாணவரின் கடனாகும்.