பாவூர்சத்திரம் குளங்களுக்கு வரும் பறவைகள்: எது விருந்தாளி, எது உள்ளூர்? எப்போது, எப்படிப் பார்க்கலாம்?

தென்காசி பக்கம் 'சீசன்' என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குற்றாலச் சாரல்தான். சாரல் ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் பெருகிய பிறகு இங்கே இன்னொரு சீசன் தொடங்குகிறது. பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆழ்வார்குறிச்சி வட்டாரக் குளங்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தென்படும். டிக்கெட் கிடையாது. குளத்துக் கரையில் ஏறி நின்றாலே போதும்.

'சைபீரியாவிலிருந்து வந்து குஞ்சு பொரிக்கும் பறவைகள்' என்று பலரும் சொல்வதுண்டு. இதில் பாதிதான் உண்மை. எந்தப் பறவை எதற்காக இங்கே இருக்கிறது என்பது தெரிந்தால்தான், குளத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது புரியும்.

உண்மையான விருந்தாளிகள் யார்?

வடக்கே ரஷ்யா, மத்திய ஆசியா பகுதிகளில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, பனி உறையும் முன் தெற்கே கிளம்பும் பறவைகள்தான் வலசைப் பறவைகள். அவை வரும் பாதைக்கு மத்திய ஆசியப் பறவைத் தடம் என்று பெயர். 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் தடம் இது.

இவை இங்கே வருவது சாப்பிடவும் குளிர்காலத்தைக் கழிக்கவும் மட்டுமே. கூடு கட்டுவதில்லை.

- ஊசிவால் வாத்து: நீண்ட கழுத்து, ஆணுக்கு ஊசி போன்ற வால்.
- நீலச்சிறகு வாத்து: ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வளைந்த வெள்ளைப் பட்டை.
- தட்டைவாயன்: கரண்டி போல அகன்ற அலகு.
- உள்ளான் வகைகள்: சேற்றில் குத்திக் குத்தி இரை தேடும். பொறி உள்ளான், சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான் இரண்டும் இதில் அடக்கம்.
- மீசை ஆலா: தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து, சட்டென்று இறங்கி இரை பிடிக்கும்.

குளத்தை விட்டு வயல் பக்கம் திரும்பினால் இளஞ்சிவப்பு உடலும் கறுப்புத் தலையுமாக சூறைக்குருவிக் கூட்டத்தைப் பார்க்கலாம். சாயங்காலம் அடையப் போகும்போது வானத்தில் புகை மாதிரி சுழலும்.

வெளிநாடு என்று நினைக்கப்படும் உள்ளூர்ப் பறவைகள்

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா. உருவம் பெரிது, நிறம் புதிது என்பதால் இவற்றை வெளிநாட்டுப் பறவை என்று நினைத்துவிடுகிறார்கள். இவை நம்ம ஊர்ப் பறவைகளே. தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் தேடி நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகின்றன. குளத்து மரங்களில் கூடு கட்டுவதும் குஞ்சு பொரிப்பதும் இவைதான்.

ஆழ்வார்குறிச்சி அருகே உள்ள வாகைக்குளம் இப்படிக் கூட்டமாகக் கூடு கட்டும் இடமாக அறியப்பட்டது. நெல்லை மாவட்டத்தில் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம் இன்னும் பிரபலம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த இடம், 2022-இல் ராம்சர் பட்டியலில் வெளியானது. பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இமயமலையை 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கடக்கக்கூடிய வரித்தலை வாத்து, அங்கே குளிர்காலத்தில் வந்து தங்கும்.

குளத்தில் எது இருந்தால் பறவை வரும்?

கூந்தன்குளம் சரணாலயம். பாவூர்சத்திரம் சுற்றுவட்டாரக் குளங்கள் பெரும்பாலும் பாசனக் குளங்கள். இங்கே பறவைகளின் நடமாட்டத்தை முடிவு செய்வது தண்ணீர் மட்டமும் விவசாயமும்தான்.

குளம் நிறைந்து மறுகால் பாயும்போது வாத்து, முக்குளிப்பான், நாமக்கோழி போன்ற நீந்தும் பறவைகள் அதிகம் தெரியும். பிசான நெல்லுக்கு மடை திறந்து தண்ணீர் இறங்க இறங்க, ஓரத்தில் சேறு வெளிப்படும். அப்போதுதான் உள்ளான்களுக்கு இரை கிடைக்கும். அதே குளத்துக்கு மாதம் ஒருமுறை போனால், ஒவ்வொரு முறையும் வேறு பறவைகளைப் பார்க்கலாம்.

கூடு கட்டும் பறவைகளுக்குத் தேவை வேறு. குளத்துக்குள் தண்ணீர் சூழ நிற்கும் நாட்டுக் கருவேல மரங்கள் வேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் பூனை, நாய், கீரி ஏற முடியாது. குஞ்சு பறக்கும் முன் தண்ணீர் வற்றினாலோ, மரம் வெட்டப்பட்டாலோ அந்த வருட ஈடு முழுக்கப் போய்விடும். அதனால் குளத்து மரங்களை வெட்டும் வேலை எதுவானாலும், கூடு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அவசியம். குப்பை கொட்டுவது, கரையோர ஆக்கிரமிப்பு, வரத்துக்கால் அடைபடுவது ஆகியவை இரண்டு வகைப் பறவைகளையும் பாதிக்கும்.

எப்படிப் பார்ப்பது?

- நேரம்: காலை 6 முதல் 9 மணி. சாயங்காலம் 4 மணிக்குப் பிறகு.
- இடம்: இந்தப் பகுதியில் நிலம் மலையிலிருந்து கிழக்கே சரிவதால், குளத்துக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும்.
- பைனாகுலர்: 8x42 அளவு தொடக்கத்துக்குப் போதும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெரிய பறவைகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.
- உடை: பளிச்சென்ற நிறம் வேண்டாம்.
- செய்யக் கூடாதவை: பறக்க வைத்துப் படம் எடுப்பதற்காகக் கல் எறிவது, கை தட்டுவது, கூட்டுக்கு அருகே ட்ரோன் விடுவது. வலசைப் பறவைகள் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பைச் சேர்ப்பது இந்த மாதங்களில்தான். அடிக்கடி விரட்டினால் அது கரைந்துவிடும்.

பறவைகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். காலில் வளையம் போட்ட பறவை தெரிந்தால், வளைய எழுத்து தெரியும்படி படம் எடுத்து மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம்.

கணக்கெடுப்பில் பொதுமக்கள் சேர முடியுமா?

முடியும். தாமிரபரணி நீர்நிலைப் பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரியில் நடக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் உள்ளிட்ட அமைப்புகள் இதை நடத்துகின்றன. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் மாணவர்களும் தன்னார்வலர்களும் குழுவாகப் போய் எண்ணுகிறார்கள்.

தனியாகச் செய்ய விரும்புபவர்களுக்கு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. 2015-இல் தொடங்கிய இதில், பொங்கல் விடுமுறை நாட்களில் குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்த பறவைகளை இ-பேர்ட் செயலியில் பதிவு செய்தால் போதும்.

ஒரு குளத்தில் மண் அள்ளவோ, மரம் வெட்டவோ, வேறு கட்டுமானத்துக்கோ திட்டம் வரும்போது, 'இங்கே பறவை வருகிறதா?' என்ற கேள்விக்குப் பதிலாகக் காட்டக்கூடியது இந்தப் பதிவுகள்தான். சரணாலயம் என்ற பாதுகாப்பு இல்லாத பாசனக் குளங்களுக்கு இது ரொம்பவே முக்கியம்.