டென்-ஃபோர்: லாரிக்காரர்கள் வளர்த்த பேச்சு

1930களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் போலீசுக்கு ஒரு தலைவலி. ரோந்துக் கார்களில் இருந்தவை வால்வு வானொலிகள். பேசும் பொத்தானை அழுத்தியதும் கருவிக்கு மின்சாரம் தரும் சிறு ஜெனரேட்டர் முழு வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். அதற்குள் அவசரக்காரரின் முதல் அசை தொலைந்துவிடும். தகவல் தொடர்புப் பிரிவுத் தலைவர் சார்லஸ் ஹாப்பர் எளிய வழி கண்டார். ஒவ்வொரு குறியீட்டு எண்ணுக்கும் முன்னால் 'டென்' என்று சொல்ல வைத்தார். தொலைந்தால் 'டென்' தொலையட்டும், பின்னால் வரும் எண் பிழைத்துக்கொள்ளும்.

பொதுமக்களுக்கான சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ பரவலானது 1958க்குப் பிறகுதான். அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்திய 11 மீட்டர் அலைவரிசையை அரசின் தகவல் தொடர்பு ஆணையம் எடுத்து, 27 மெகாஹெர்ட்ஸ் அருகே 23 சேனல்களாக மக்களுக்குத் தந்தது. தேர்வு எழுத வேண்டாம், உரிமம் வாங்கினால் போதும். சிறுதொழில் செய்பவர்கள் வேலை விஷயம் பேசிக்கொள்வார்கள் என்பதே ஆணையத்தின் கணக்கு. வெட்டிப் பேச்சுக்கு அதில் இடமில்லை.

கணக்கு மாறியது 1973 எண்ணெய் நெருக்கடியில். டீசலுக்குத் தட்டுப்பாடு. 1974 ஜனவரியில் நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக்கும் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். ஓடிய மைலுக்குக் கூலி வாங்கும் லாரி ஓட்டுநருக்கு இது வயிற்றில் அடி. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எந்த வளைவில் போலீஸ் மறைந்து நிற்கிறது என்று சி.பி. வழியே லாரிக்கு லாரி செய்தி பறந்தது. போலீசுக்காகப் பிறந்த குறியீடு போலீசிடமிருந்து தப்பவும் உதவியது.

'டென்-ஃபோர்' என்றால் கேட்டது, சரி. 'டென்-நைன்', மறுபடி சொல். 'டென்-ட்வென்டி' இருக்குமிடம், நாளடைவில் 'டென்' உதிர்ந்து, "உன் ட்வென்டி என்ன?" என்றே கேட்டார்கள். 'பிரேக்கர் ஒன்-நைன்' என்று குரல் கொடுப்பவர், 19ஆம் சேனலில் நடக்கும் பேச்சுக்கு நடுவே தனக்கும் இடம் கேட்கிறார். காட்டுத்தீ விழிப்புணர்வு விளம்பரத்தில் வரும் ஸ்மோக்கி கரடியின் தொப்பியைப் போலவே பல மாநிலப் போலீசாரின் தொப்பியும் இருந்ததால், போலீஸ்காரர் 'ஸ்மோக்கி' ஆனார், 'கரடி'யும் ஆனார். சொந்தப் பெயர் சொன்னால் மாட்டிக்கொள்ள நேரும் என்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயர். 1976 தேர்தல் பிரசாரத்தில் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுகூட 'ஃபர்ஸ்ட் மம்மா' என்ற பட்டப்பெயரோடு பேசினார்.

பெரும்பாலோர் பேசியது ஏ.எம். முறையில், 4 வாட் ஆற்றலுக்குள். அதில் ஆற்றலின் பெரும்பகுதி, குரலைச் சுமந்து செல்லும் அலைக்கே செலவாகிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் எஸ்.எஸ்.பி. முறைக்குப் போனார்கள். அது சுமக்கும் அலையையும் இரு பக்க அலைகளில் ஒன்றையும் நீக்கிவிட்டு, மிச்சத்தில் முழு ஆற்றலையும் செலுத்தும். உச்ச வரம்பு 12 வாட், குரலும் வெகுதூரம் போகும். ஆனால் சாதாரண ஏ.எம். கருவியில் கேட்டால் வாத்து கத்துவது போலிருக்கும்.

1976 ஜனவரியில் சி. டபிள்யூ. மெக்கால் பாடிய 'கான்வாய்' பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. லாரியே ஓட்டாதவர்களும் கருவி வாங்கினார்கள். நெரிசல் தாங்காமல் 1977 ஜனவரி 1 முதல் சேனல்கள் 40 ஆயின. உரிமம் வாங்காமல் பேசுபவர்களைத் துரத்தி முடியாத ஆணையம் 1983இல் உரிமத்தையே கைவிட்டது. எஃப்.எம். முறைக்கு அனுமதி கிடைத்தது 2021இல்தான்.

அவசர உதவிக்கென 9ஆம் சேனலை ஒதுக்கியது ஆணையத்தின் விதி. லாரிக்காரர்களின் 19ஆம் சேனலை எந்த விதியும் ஒதுக்கவில்லை. அது அவர்களே பேசிப் பேசி ஏற்படுத்திக்கொண்ட வழக்கம், இன்றும் நெடுஞ்சாலைகளில் அதுதான் நடைமுறை.