தரங்கம்பாடியின் பெயர் பூண்ட நண்டு

துறை என்னும் சொல்லைத் தன் பெயரில் தாங்கியும் கடலைக் காணாத ஊர் நம் துறையூர். பச்சைமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு நெய்தல் பாடும் நம் வட்டத்துக் கவிஞர் பலரும் அலவனை அகராதியில் கண்டவர்களே. யானும் அவர்களுள் ஒருவன். சங்கப் புலவர் நிலை வேறு. அலவன், ஞெண்டு, கள்வன் என அவர்கள் வழங்கிய பெயர்கள் பல. ஐங்குறுநூற்று மருதத்துள் ஓரம்போகியார் கள்வன் பத்து என ஒரு பகுதியே அமைத்தார். வயல் நண்டின் செயல் வேறு, மணற்கரை அலவனின் ஓட்டம் வேறு என்பதை அவர்கள் நன்கறிவர்.

நண்டுக்கு இலத்தீனில் பெயரிடும் வழக்கம் நம் கடற்கரைக்கு வந்தது தரங்கம்பாடி வழியாக. திருவரங்கத்தைத் தொட்டுச் செல்லும் காவிரி கடல் சேரும் இடத்திற்குத் தெற்கே, 1620 முதல் டேனியர் வசமிருந்த ஊர் அது. அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்பார் கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் சேகரித்தார். 1791இல் பனையில் ஏறிய மீனைப் பிடித்ததாக எழுதியவரும் இவரே. பனையேறி என்ற பெயரை வைத்திருந்த நம் மக்களுக்கு அது வியப்பாக இருந்திராது. அவர் சேகரித்தவற்றை ஆராய்ந்தவர், லின்னேயசின் மாணவரும் கீல் நகரப் பேராசிரியருமான ஃபாப்ரீசியசு. 1798இல் வெளியிட்ட நூலில் சேற்று நண்டு ஒன்றிற்குத் தரங்கம்பாடியின் பெயரையே இட்டார். இன்று அதன் பெயர் சில்லா டிராங்குபாரிகா.

இவ்வினத்தில் ஒன்றையொன்று பிரித்தறிதல் எளிதன்று. கண்களுக்கு இடையேயுள்ள முட்கள் உயர்ந்தவையா மழுங்கியவையா, பெருங்கால் மணிக்கட்டின் புறத்தே முள் இரண்டா ஒன்றா, வலைக்கோலம் எல்லாக் கால்களிலும் உண்டா பின்கால்களில் மட்டுமா எனப் பார்க்கவேண்டும். இவற்றைத் தெளிவுபடுத்தி நான்கு இனங்கள் என வரையறுத்தவர்கள் கீனன், டேவி, மான் ஆகியோர், ஆண்டு 1998. ஃபாப்ரீசியசு பெயரிட்டுச் சரியாக இருநூறாண்டு கழிந்திருந்தது.

அதுவரை நம் நாட்டு ஏடுகளில் பெரிய பச்சை நண்டு டிராங்குபாரிகா என்றும், சிறிய பழுப்பு நண்டு செர்ரேட்டா என்றும் வழங்கின. 2014இல் வெளியான மரபணு ஆய்வு இரண்டையும் மாற்றிற்று. பெரியதே செர்ரேட்டா, சிறியது ஒலிவேசியா. ஆகவே செர்ரேட்டாவின் வளர்ச்சி, முட்டையிடும் பருவம் என்று நம் ஆய்வாளர் பல்லாண்டு உழைத்து எழுதியவற்றுள் பெரும்பகுதி வேறொரு நண்டின் வரலாறாக ஆயிற்று. இது ஏட்டுப் பிழையோடு நிற்பதன்று. பெரிதாக வளரும் இனம் என நம்பிச் சிறிய இனத்தின் குஞ்சுகளைக் குளத்தில் விட்டவனுக்கு இழப்பு இழப்பே.

தரங்கம்பாடியின் பெயருக்கு உரிய நண்டு எது? பிலிப்பைன்சிலும் மலேசியாவிலும் அலையாத்திக் காடுகளின் சேற்றில் வாழும் ஒன்று, இன்றும் நம் சோழநாட்டு ஊரின் பெயரைச் சுமந்து திரிகின்றது.